பெரிய டீச்சரைத் தியாகி என்று சொல்லாதீர்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டம்ளர் டீயோடு உட்கார்ந்து வாசியுங்கள். வகுப்பில் மணி அடித்த பிறகும் நான் பேசுவதைப் பொறுத்துக்கொண்டவர்கள்தானே நீங்கள்!

வருகிற மாதத்தோடு எங்கள் அத்தை கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஒரு வருடம் ஆகிறது. எனக்கு அத்தை, ஊருக்கெல்லாம் ‘பெரிய டீச்சர்’. 90 வயது வரைக்கும் கண்ணாடி போட்டுத் தினமும் பேப்பர் வாசித்தவர். நினைவு ஆராதனைக்கு ஏற்பாடு நடக்கிறது. கல்லறையில் வைக்கிற கல்லில் என்ன எழுதுவது என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாரமாகப் பேச்சு ஓடுகிறது. ‘தியாகச் சுடர்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ‘பொறுமையின் சிகரம்’ என்று இன்னொருவர். ‘குடும்பத்துக்காகத் தன்னையே உருக்கிய மெழுகுவர்த்தி’ என்று அமெரிக்காவிலிருந்து ஒரு பேரன்.

எழுதியவர்கள் எல்லாரும் அத்தையின்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இருந்தாலும் என் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். இதில் எந்த வாசகத்தைப் பொறித்தாலும் அது யாருடைய கல் என்று தெரியப்போவதில்லை. நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஆண்களின் கல்லில் உபதேசியார், தலைமையாசிரியர், ரயில்வே, மிலிட்டரி என்று செய்த வேலை இருக்கும். பெண்களின் கல்லில் அன்பு, பொறுமை, தியாகம் என்று குணம் இருக்கும். அந்தக் குணங்களைப் பெயர் மாற்றி எந்தக் கல்லில் வைத்தாலும் பொருந்திவிடும்.

வேலை செய்தவரை அவர் செய்த வேலையைச் சொல்லித்தான் நினைக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பதிவு. அத்தை செய்த வேலையை உங்களில் இளையவர்கள் பார்த்ததில்லை. அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

1954-ல் பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு நம் ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது அத்தைக்கு 20 வயது. ஓய்வு பெற்றது 1992-ல். 38 வருடம், ஒரே பள்ளிக்கூடம். அதில் கடைசி 17 வருடம் தலைமையாசிரியை.

நம் ஊர் தேரிக்காட்டு ஓரம். அன்றைக்குப் பாதி வீட்டுக்குப் பனைதான் சோறு போட்டது. மாசி, பங்குனியில் பாளை சீவ ஆரம்பித்தால் ஆவணி வரைக்கும் பதநீர்க் காலம். குடும்பம் குடும்பமாக விளைக்குப் போய் ஓலைக் குடிசை போட்டுத் தங்கிவிடுவார்கள். அப்பா பனை ஏறுவார், அம்மா கருப்பட்டி காய்ச்சுவார். பையன் கலயம் சுமப்பான். பொம்பளைப் பிள்ளை அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கும், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலையும். பள்ளிக்கூடத்தில் பாதி இடம் காலியாகக் கிடக்கும். ஆவணியில் திரும்பி வருகிற பிள்ளை படித்ததையெல்லாம் மறந்திருக்கும். இப்படி இரண்டு வருடம் போனால் அந்தப் பிள்ளை மூன்றாவது வருடம் வராது. பெண்பிள்ளையாக இருந்தால் நிச்சயமாக வராது.

அத்தை என்ன செய்தார்? நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் விளைக்கு நடப்பார். தேரி மணலில் கால் புதையும் என்று செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார். காய்ச்சுகிற அடுப்புக்குப் பக்கத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து, அந்தச் சிவப்பு மணலிலேயே விரலால் எழுத வைப்பார். கருப்பட்டி ஊற்றுகிற சிரட்டைகளை வரிசைக்கு நான்காக ஆறு வரிசை அடுக்கி, எண்ணாமல் சொல் பார்ப்போம் என்பார். பெருக்கல் வாய்ப்பாடு அங்கேதான் பலருக்கு மண்டையில் ஏறியது. கூப்பனி இறக்குகிற நேரத்தில் எந்தத் தாயும் பிள்ளையை விடமாட்டாள். அந்த நேரத்தைத் தெரிந்துகொண்டு அதற்கு முன்னாலேயே பாடத்தை முடித்துவிடுவார். ‘டீச்சர் வந்தா வேலை கெடுது’ என்று யாரும் சொன்னதில்லை. கெடாதபடி அவர் கணக்குப் போட்டு வந்தார்.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது அவருடைய நோட்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். விளைக்குப் போகும்போது எந்தப் பாடம், எந்தக் கணக்கில் நின்றது, எந்த எழுத்தில் தடுமாறுகிறது என்று தேதி போட்டு எழுதியிருப்பார். ஆவணியில் பிள்ளை திரும்பி வந்ததும் வகுப்பு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று பார்க்கமாட்டார். அந்தப் பிள்ளை எங்கே நின்றதோ அங்கேயிருந்து தொடங்குவார். 2007 வாக்கில் தமிழ்நாடு முழுக்கத் தொடக்கப்பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோது நாங்களெல்லாம் பயிற்சிக்குப் போனோம். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அட்டை அட்டையாக முன்னேறலாம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. கோடு போட்ட 40 பக்க நோட்டில் அத்தை அதைச் செய்ததைச் சின்ன வயதிலேயே பார்த்திருந்தேன்.

இப்போது சொல்லுங்கள், இது தியாகமா? என் கணக்கில் இது கெட்டிக்காரத்தனம். படிப்பு, திட்டம், தொழில் தெரிந்த கை. ‘தியாகம்’ என்று ஒரு வார்த்தையைப் போட்டு மூடிவிட்டால் இந்தக் கெட்டிக்காரத்தனம் முழுக்க மறைந்துபோகும். மனம் உருகினால் யாரும் மெழுகுவர்த்தி ஆகிவிடலாம். ஐந்து வகுப்பை ஒரே கூரையின்கீழ் வைத்துக்கொண்டு ஒருத்தர் பின்தங்காமல் நடத்த எல்லாராலும் முடியாது.

அடுத்தது சபை.

நம் பக்கத்துச் சேகரங்களின் நிலைமை உங்களுக்குத் தெரியும். ஒரு ஐயருக்குப் பல ஊர்ச் சபைகள். எல்லா ஞாயிறும் எல்லா ஊருக்கும் அவரால் வரமுடியாது. வராத ஞாயிறுகளில் உபதேசியார் ஆராதனை நடத்துவார். உபதேசியாருக்கும் மாற்றல் வரும், காய்ச்சல் வரும். அந்த ஞாயிறுகளில் நடத்தியது அத்தை. ஜெபம், வேதபாடம், பிரசங்கம் எல்லாம் அவர்தான். ஆனால் பிரசங்க பீடத்தில் ஏறமாட்டார். கீழ்ப்படியில் நின்றுதான் பேசுவார். ஏறக்கூடாது என்று எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் தெரியும்.

அதே வேலையைச் செய்த ஆணுக்கு உபதேசியார் என்று பெயர், சம்பளம், சபை கொடுத்த வீடு. அத்தைக்கு ‘டீச்சரம்மா ஒத்தாசை பண்ணுறாங்க’. ஒத்தாசை என்ற அந்தச் சொல்லையும் தியாகம் என்ற சொல்லோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. செய்தவருக்கு நாம் எதுவும் தரவேண்டியதில்லை என்று ஆக்கிவிடுகின்றன.

பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு அத்தை 26 வருடம் செயலாளர். கைப்பிடி அரிசி என்றால் வெளியூரில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். உலையில் போட அரிசி அளக்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோவிலுக்குக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்து ஏலம். அந்தக் காசு சங்கக் கணக்கில் சேரும். பிடி அரிசிதானே என்று நினைக்காதீர்கள். நம் ஊரிலிருந்து முதன்முதலாக ஹாஸ்டலில் தங்கி ஹைஸ்கூல் படித்த நாலு பெண்களுக்கும் பீஸ் அந்தப் பானையிலிருந்துதான் போனது. அதில் ஒருவர் பிறகு நர்ஸ் ஆகி, அத்தையின் கடைசி நாட்களில் வந்து பக்கத்தில் இருந்தார்.

ஒரு வருடம் அந்தப் பணத்தை எடுத்து ஒலிபெருக்கி வாங்குவது என்று கமிட்டியில் முடிவு செய்துவிட்டார்கள். பெண்களைக் கேட்கவில்லை. கமிட்டியில் அப்போது ஒரு பெண்ணும் கிடையாது. அடுத்த ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் அத்தை எழுந்து, ‘சங்கக் கணக்கு வாசிக்கணும்’ என்றார். வருடக் கணக்கை வீட்டுப் பேரோடு வாசித்தார். இந்த வீட்டிலிருந்து இத்தனை படி, அந்த வீட்டிலிருந்து இத்தனை படி. அரைவயிற்றுக் கஞ்சி குடித்த வீடுகளின் பெயரும் அதில் வந்தது. வாசித்து முடித்து, ‘இது பிள்ளைகளுக்குன்னு சொல்லி வாங்கின அரிசி’ என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒலிபெருக்கிக்குத் தனியாக வசூல் செய்தார்கள்.

பொறுமையின் சிகரம் என்று எழுதப்போகிறவர்கள் இந்தச் சம்பவத்தை எங்கே வைப்பீர்கள்?

குடும்பத்துக்கு வருகிறேன். மாமா 1969-ல் போய்விட்டார். மூன்று பிள்ளைகள். எங்கள் அப்பாவுக்குப் பம்பாயில் வேலை என்பதால் நானும் என் தம்பியும் அத்தை வீட்டில்தான் வளர்ந்தோம். ஒரு டீச்சர் சம்பளத்தில் ஆறு வயிறு. அந்த வீட்டிலிருந்து இரண்டு டீச்சர், ஒரு என்ஜினியர், ஒரு தபால் அதிகாரி, ஒரு வியாபாரி வந்தோம்.

அத்தை கடன் கொடுப்பார். ஆனால் சட்டம் உண்டு. ‘படிப்புன்னா தாரேன், ஆஸ்பத்திரின்னா தாரேன். நகைக்கும் சோத்துக்கும் தரமாட்டேன்.’ சோறு என்று அவர் சொன்னது கல்யாண விருந்தை. இதனால் முகம் திருப்பிக்கொண்ட சொந்தங்கள் உண்டு. இதை வாசிக்கிற சிலருடைய அப்பாக்களும் அதில் அடக்கம். கோபித்துக்கொள்ளாதீர்கள், நோட்டில் இருக்கிறது.

மென்மையானவர் என்றும் யாரும் எழுதவேண்டாம். பி.யூ.சி.யில் தோற்றுவிட்டுத் தூத்துக்குடியில் கடையில் சேர்ந்துவிட்ட அத்தானைத் தேடிப்போய், முதலாளி முன்னாலேயே புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு வந்தவர் அவர். அத்தான் அதற்காக ஒரு வருடம் பேசவில்லை. பிறகு அதே புத்தகத்தை வைத்துத்தான் பாஸ் பண்ணினார். என் கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் ஒருவர், பெண் வேலையை விட்டுவிட்டால் நல்லது என்றபோது, அத்தை காபி டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ‘அப்ப வேற வீடு பாருங்க’ என்றார். எங்கள் அப்பாவுக்கு முகமே இல்லை. அன்றைக்கு அத்தை அப்படிச் சொல்லாதிருந்தால் உங்களுக்கு நான் டீச்சராக வந்திருக்கமாட்டேன். என் 34 வருட வேலை அந்த ஒரு வாக்கியத்தில் நின்றது.

இது எங்கள் அத்தையின் கதை மட்டும் இல்லை. நம் பக்கத்துச் சரித்திரமே இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

நம் பக்கத்துக் கடாட்சபுரத்தில் குருவாக இருந்தவர் ஜான் தேவசகாயம் ஐயர். சென்னை மாகாணத்தில் ஆங்கிலிக்கன் சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் என்று சரித்திரத்தில் சொல்லப்படுகிறவர். அவருடைய மகள் அன்னாள். கணவர் சத்தியநாதன் ஐயர் சென்னை சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்துக்குக் குருவாகப் போனபோது அன்னாளும் போனார். 1860-களில் அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்களைத் தொடங்கினார். வாசல் தாண்ட முடியாத பெண்களுக்கு அவர்கள் வீட்டுக்கே போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்தார். தாய்மார்களுக்காகத் தமிழில் ஒரு புத்தகமும் எழுதினார். 1890-ல் இறந்தார்.

அந்தக் குடும்பத்தைப் பாருங்கள். மகன் சாமுவேலின் மனைவி கிருபாபாய், ‘சகுணா’, ‘கமலா’ என்று ஆங்கிலத்தில் நாவல் எழுதினார். இந்தியப் பெண்கள் ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாவல்களில் அவை சேரும். கிருபாபாய் 1894-ல் இளவயதிலேயே இறந்துவிட்டார். பிறகு சாமுவேலுக்கு மனைவியாக வந்த கமலா, 1901-ல் ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ என்ற பத்திரிகையைத் தொடங்கி நடத்தினார். பிற்காலத்தில் சென்னைப் பேராயராக இருந்த சுந்தர் கிளார்க் அந்த வம்சத்தில் வந்தவர். ஆசிரியை, சபைத் தலைவி, ஒரு வம்சத்துக்கே மூத்தவர் என்று மூன்றுமாக இருந்தவர் அன்னாள். நம் ஊர் ஞாயிறு பள்ளியில் அப்பாவின் பெயரைக் கேட்டால் சில பிள்ளைகளாவது சொல்லும். மகளின் பெயரைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொருவர் அன்பு மரியம்மாள். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆன அசரியாவை நமக்கெல்லாம் தெரியும். வெள்ளாளன்விளை மண்ணின் மைந்தர் என்று மார்தட்டுகிறோம். அவருடைய மனைவிதான் அன்பு மரியம்மாள். நம் பகுதிக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிப் படிப்புக்குப் போன முதல் சிலரில் ஒருவர். தோர்னக்கல்லில் கிராம ஊழியத்துக்குப் பயிற்சி பெற்றவர்களின் மனைவிமாருக்குப் பாடம் நடத்தியவர். அசரியாவைப் பற்றிப் பிரசங்கம் எத்தனையோ கேட்டிருக்கிறோம். அந்த வகுப்பைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

வேறு மாதிரியும் ஒன்று நடந்திருக்கிறது. பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் கல்லூரி இருக்கிறது, 1895-லிருந்து. அந்த சாராள் தக்கர் இந்தியாவுக்கே வந்ததில்லை. அவருடைய சகோதரர் சென்னையில் மிஷன் செயலாளராக இருந்தார். அவர் மூலமாக நம் நாட்டுப் பெண்களின் நிலைமையைத் தெரிந்துகொண்டு, இங்கிலாந்தில் இருந்தபடியே உதவியவர். அவர் இறந்த பிறகு அவருடைய சிநேகிதிகள் அவர் பெயரில் பணம் சேர்த்தார்கள். பெயரை எழுதி வைத்தார்கள், அதனால் பெயர் நின்றது. நம் ஊரில் நடந்து நடந்து காலில் கொப்புளம் வந்த டீச்சர்களுக்கும் சிநேகிதிகள் இருந்தார்கள், மாணவிகள் இருந்தார்கள். எழுதி வைப்பதற்குத்தான் யாரும் இல்லை.

சபை விஷயத்திலும் காலம் நின்றுவிடவில்லை. 1947-ல் தென்னிந்திய திருச்சபை உருவானது. 1976-ல் அதில் ஒரு பெண் முதன்முதலாகக் குருப்பட்டம் பெற்றார். 2013-ல் நந்தியால் திருமண்டலத்தில் புஷ்பலலிதா அம்மையார் முதல் பெண் பேராயர் ஆனார். பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்த அன்று அத்தைக்கு 79 வயது. கத்தரித்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் துண்டு இன்னும் அங்கேயே இருக்கிறது.

சிலர் சொல்லுவீர்கள்: ‘டீச்சர், வேதம் தாழ்மையைத்தானே சொல்லுது? பேர் போட்டுக்கிறது பெருமை இல்லையா?’ நானும் வேதத்தை வைத்தே பதில் சொல்கிறேன். ரோமர் 16-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். வெறும் பெயர்ப்பட்டியல் என்று தாண்டிப்போகிற அதிகாரம் அது. டீச்சர் கண்ணுக்கு அது வருகைப் பதிவேடு. பெபேயாள், பிரிஸ்கில்லாள், மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் என்று பவுல் ஒவ்வொரு பெண்ணையும் பெயர் சொல்லி, அதில் பலருக்கு அவர் பட்ட பாட்டையும் சேர்த்துச் சொல்கிறார். தீமோத்தேயுவுக்கு எழுதும்போது அவன் விசுவாசம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல, பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் இரண்டு பேரையும் பெயரோடு எழுதுகிறார். ‘உன் வீட்டுத் தியாகச் சுடர்கள்’ என்று எழுதவில்லை. தாழ்மை அவர்கள் காட்ட வேண்டியது. பெயரும் வேலையும் சொல்வது நம் கடமை.

இன்னொரு கேள்வியும் வரும். ‘அத்தையே இதையெல்லாம் கேட்டதில்லையே?’ வாய் திறந்து கேட்டதில்லை, உண்மைதான். ஆனால் அத்தை வீட்டு டிரங்குப் பெட்டியில் 41 நோட்டுகள் இருக்கின்றன. பள்ளிக்கூட நோட்டு, சங்கக் கணக்கு, வீட்டுக் கணக்கு. ஒவ்வொன்றின் அட்டையிலும் வருடம். தன் வேலை மறந்துபோகட்டும் என்று நினைக்கிறவர் அட்டையில் வருடம் எழுதமாட்டார். அதோடு, ஓய்வு பெற்று 32 வருடம் ஆன பிறகும் கல்யாணப் பத்திரிகையில் ஆசீர்வாதம் எழுதிக் கையெழுத்துப் போட்டால், பெயருக்குக் கீழே ‘தலைமையாசிரியை, ஓய்வு’ என்று எழுதாமல் விடமாட்டார். தன்னை எப்படிச் சொல்லவேண்டும் என்று அவர் நமக்கு எழுதியே காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

இது ஒரு கல்லறைக் கல்லோடு முடிகிற விஷயம் என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். என் மாணவிகளில் பலர் இன்று தனியார் பள்ளிகளில் டீச்சராக இருக்கிறீர்கள். காலையில் ஏழரைக்கு வேன், மாலையில் நோட்டுத் திருத்தம், சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ். சம்பளத்தை என்னிடம் சொல்லவே கூச்சப்படுகிறீர்கள். உயர்த்திக் கேட்டால் ‘இது சேவை’ என்று பதில் வருவதாக எனக்கு மெசேஜ் போடுகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, அசனத்துக்குக் காய் வெட்டுவது வரைக்கும் நீங்கள்தான். வீட்டுக்கு வந்தால் மாமியாருக்கு மாத்திரை, பிள்ளைக்கு ஹோம்ஒர்க். ‘அந்தக் காலத்துப் பெரிய டீச்சர் எவ்வளவு செய்தாங்க, நீ இதுக்கே அலுத்துக்கிறியே’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதனால்தான் அத்தையைத் தியாகி என்று சொல்லக்கூடாது என்கிறேன். செத்துப்போனவரைத் தியாகி ஆக்கினால், அந்தச் சொல் உயிரோடு இருக்கிற உங்கள் தலையில் பாரமாக வந்து உட்காரும். அத்தை சம்பளத்தைக் கேட்டு வாங்கியவர், கணக்கைச் சபை நடுவில் வாசித்தவர், வேலையை விடச் சொன்ன வரனைத் திருப்பி அனுப்பியவர். அவரைக் காட்டி உங்கள் வாயை அடைக்க யாருக்கும் உரிமை இல்லை.

ஆகவே கல்லில் எழுத நான் சொல்லும் வாசகம் இதுதான். பெயர். பிறந்த வருடம், நித்திரையடைந்த வருடம். ‘ஆசிரியை, 1954–1992. தலைமையாசிரியை. பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர், 26 ஆண்டுகள்.’ அதற்குக் கீழே மனைவி, தாய், அத்தை, பாட்டி. ஒன்றையும் குறைக்கவில்லை, வரிசையை மட்டும் அவர் கையெழுத்துப் போட்ட மாதிரி வைத்திருக்கிறேன். அத்தான்மார் சம்மதித்தால் கல் செலவில் என் பங்கை இன்றே அனுப்பிவிடுகிறேன். சம்மதிக்காவிட்டாலும் பங்கு வரும். ஆனால் நினைவு ஆராதனையில் எனக்கு ஐந்து நிமிடம் தரவேண்டும்.

உங்களுக்கு வீட்டுப்பாடம் இல்லாமல் அனுப்பினால் நான் டீச்சரே இல்லை. மூன்று இருக்கிறது.

ஒன்று. உங்கள் வீட்டில் 70 தாண்டிய அம்மா, அத்தை, சித்தி, பாட்டி யாராவது இருந்தால் இந்த வாரம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த வருடம் வேலையில் சேர்ந்தீர்கள்? முதல் சம்பளம் எவ்வளவு? அதை யாரிடம் கொடுத்தீர்கள்? எந்த முடிவை எதிர்த்து நின்றீர்கள்? யாருக்குப் படிப்புக்குக் கொடுத்தீர்கள்? பதிலை போனில் ரெக்கார்டு செய்து, தேதி போட்டு வையுங்கள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்காத பாட்டிகளிடமும் கேளுங்கள். கருப்பட்டி காய்ச்சியதும் பீடி சுற்றியதும் வேலைதான்.

இரண்டு. அடுத்த சபைத் தேர்தலில் கமிட்டிக்கு ஒரு பெண்ணின் பெயரையாவது முன்மொழியுங்கள். ஆண்பிள்ளைகளைத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். காய் வெட்டக் கூப்பிடுகிறவர்கள் கணக்கு பார்க்கவும் கூப்பிட வேண்டும்.

மூன்று. பெரிய டீச்சரிடம் படித்தவர்கள், அவர் சொல்லிக்கொடுத்த ஒரு காரியத்தைக் கீழே எழுதுங்கள். ‘நல்லவங்க’, ‘தெய்வம்’ என்று எழுதினால் மார்க் கிடையாது. எந்த வகுப்பு, என்ன பாடம், எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்று எழுதுங்கள். விளையில் மணலில் எழுதிப் படித்தவர்கள் இன்னும் பலர் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். எழுத வராவிட்டால் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

நோட்டுகளில் சிலவற்றைக் கரையான் தொட ஆரம்பித்துவிட்டது. அவற்றை நிழலில் உலர்த்தி, வருட வாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன். ஸ்கேன் செய்யத் தெரிந்த பிள்ளைகள் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தால் உபகாரமாக இருக்கும். சாப்பாடு நம் வீட்டில்.

அன்புடன்,
உங்கள் சின்ன டீச்சர்
(ஆசிரியை, ஓய்வு)